எடை அறையில் ஒரு மாலை

கிண்டியில் குதிரைப் பந்தயம் நடந்த நாட்களில் கூட்டத்தின் கண்ணெல்லாம் ஓடுபாதை மேல்தான் இருக்கும். நாங்கள் நின்றது எடை அறையில். கூட வந்தவன் எங்கள் வேப்பூர்ப் பக்கத்துப் பையன். கால்நடை மருத்துவம் முடித்தவன், பந்தய அதிகாரியாக வேண்டும் என்ற ஆசை கொண்டவன்.

ஓட்டம் முடிந்ததும் ஜாக்கி தன் கையாலேயே சேணத்தை அவிழ்க்கிறார். அதுவரை வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. நனைந்த சேணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தராசில் ஏறுகிறார். ஓட்டத்துக்கு முன் குறித்த எடையோடு அதிகாரி ஒத்துப்பார்க்கிறார். அனுமதித்த அளவுக்கு மேல் குறைந்தால், முதலில் வந்த குதிரையும் தகுதி இழக்கும்.

அந்த எடையை முடிவு செய்பவர் ஹேண்டிகாப்பர். நன்றாக ஓடும் குதிரைக்குச் சுமை கூடும், தரப்புள்ளி ஒன்றுக்கு அரைக் கிலோ என்ற கணக்கில். தேவைப்பட்டால் சேணத்துக்கு அடியில் ஈயத்தகடு வைப்பார்கள். வேப்பூர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆட்டின் முதுகை அழுத்திப் பார்த்தே கறி எவ்வளவு தேறும் என்று சொல்கிற தரகரின் கண் இவருக்கும் வேண்டும். கூடவே, கேட்பவருக்கு எழுத்தில் காரணம் காட்டவும் வேண்டும்.

“இதுக்கு என்ன படிக்கணும் சார்?” என்றான் பையன்.

“படிப்பு இருக்கட்டும் தம்பி. விடியக்காலைல பயிற்சிக்கு வந்து நில்லுங்க. நம்பரைப் பாக்காம எந்தக் குதிரைன்னு சொல்ல வரணும்” என்றார் அங்கிருந்த மூத்த அதிகாரி.

ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்டர், முடிவுக்கோட்டு நடுவர், வீடியோவில் குறுக்கீடுகளைத் தேடும் ஸ்டீவர்டுகள், மைக்ரோசிப்பைச் சரிபார்த்து ஊக்கமருந்துச் சோதனைக்கு மாதிரி எடுக்கும் மருத்துவர்கள் என்று இந்த உலகம் சிறியது. பழைய ஜாக்கிகளும் பயிற்சியாளர் குடும்பத்தினரும் உள்ளிருந்தே மேலே வருகிறார்கள். வெளியாளுக்குக் கால்நடை மருத்துவம்தான் நல்ல வாசல்.

தமிழ்நாட்டில் அந்த வாசல் குறுகிக்கொண்டே வருகிறது. 1974-ல் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. 2024 ஜூனில் ஊட்டி பந்தயத் திடலை அரசு எடுத்துக்கொண்டது. 1945 முதல் 99 ஆண்டுக் குத்தகையில் இருந்த கிண்டியின் 160 ஏக்கருக்கு, வாடகைப் பாக்கிப் பிரச்சினையில் அதே ஆண்டு செப்டம்பரில் சீல் வைக்கப்பட்டது. 2025 செப்டம்பரிலிருந்து பந்தயத்தின் மீதான ஜிஎஸ்டி 28-லிருந்து 40 சதவீதமானது. சென்னையின் வெள்ளத்தைத் தாங்க அந்த நிலத்தில் குளம் வேண்டும் என்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் லாயத்தில் வளர்ந்த குதிரைக்காரர்களின் பிழைப்பைப் பற்றியும் அதே அக்கறையோடு பேசியிருக்க வேண்டும்.

பையனிடம் மருத்துவர் பதிவை மட்டும் விட்டுவிடாதே என்றேன். பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, கொல்கத்தா எங்கே என்றாலும் போகத் தயாராக இரு. முதலில் குதிரைப் பண்ணையில் வேலை பார். அதிகாரி நாற்காலிக்குப் பத்து வருஷம் ஆனாலும் கையில் தொழில் இருக்கும்.