முப்பது பாகையில் விழுந்த பிழை

பள்ளி விடுமுறை வந்தால் பலர் ஊருக்குப் புறப்படுவர். நான் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் மரத்தூளுக்கு நடுவே இருப்பேன். தச்சு வேலை என் பொழுதுபோக்கு என்பதை உடன் பணியாற்றும் ஆசிரியர்கள் அறிவர். வகுப்பறைக்குப் பலகையில் ஏதேனும் செய்ய வேண்டுமென்றால் என் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். அவ்வாறு செய்த ஒரு பொருளால் ஒரு மாணவனுக்கு முன் நான் தலைகுனிய நேர்ந்தது. அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒழுங்குப் பல்கோணங்களைக் கற்பிக்க வேண்டியிருந்தது. நூலில் உள்ள படத்தைவிடக் கையில் பிடித்து அளக்கும் பொருள் ஒன்று இருந்தால் நன்றாக விளங்கும் என்று எண்ணி, மெரந்திப் பலகையில் ஓர் அறுகோணச் சட்டம் செய்யத் தொடங்கினேன். ஒவ்வொரு பக்கமும் 150 மில்லிமீட்டர். ஆறு துண்டுகள். ஒவ்வொரு துண்டின் இரு முனைகளையும் 30 பாகை சாய்வாக அறுத்தால், இரண்டு முனைகள் சேருமிடத்தில் சட்டம் 60 பாகை திரும்பும். ஆறு முறை திரும்பினால் 360. கணக்கு அவ்வளவுதான்.

என்னிடம் இருப்பது ஒரு சிறிய மேசை ரம்பம். அதில் வட்டவாள் ஒரே இடத்தில் நின்று சுழலும். பலகையைத்தான் நாம் அதனை நோக்கித் தள்ள வேண்டும். ரம்பத்தின் இடப்பக்கத்தில் முன்னும் பின்னும் நகரும் துணைமேசை ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். அதன்மேல் ஓர் அலுமினியத் தடுப்பு உண்டு. பலகையை அந்தத் தடுப்போடு ஒட்டிப் பிடித்து, துணைமேசையோடு சேர்த்துத் தள்ளினால், தடுப்பு எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அந்தக் கோணத்தில் பலகை அறுபடும். தச்சர்கள் இதனை மைட்டர் கேஜ் என்பர். அரைவட்ட வடிவில் பாகை அளவுகள் அச்சிடப்பட்டிருக்கும். 0, 15, 22.5, 30, 45 ஆகிய இடங்களில் சிறு பள்ளங்கள் உண்டு. தடுப்பைத் திருப்பும்போது உரிய பள்ளத்தில் ஊசி ‘டக்’ என்று விழும். அந்த ஓசை இருக்கிறதே, அதைக் கேட்டபின் யாருக்கும் மறுபடி அளந்து பார்க்கத் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை.

பன்னிரண்டு வெட்டுகளும் முடிந்தன. ஐந்து மூலைகள் மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் பொருந்தின. ஆறாவது மூலை மூட மறுத்தது. சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு அங்கு இடைவெளி இருந்தது. என் கைதான் எங்கேயோ அசைந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். பட்டைக் கிளாம்பைச் சுற்றி இறுக்கினேன். மிச்ச இடைவெளியில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்தேன். உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு முறை வார்னிஷ் பூசியபின் பார்க்க அழகாகவே இருந்தது. ஆசிரியர் அறையில் எல்லாரும் பாராட்டினார்கள்.

வகுப்பில் குழுவாக அமர்ந்து பாகைமானியால் உட்கோணங்களை அளந்து தாளில் எழுதச் சொன்னேன். ஏறக்குறைய எல்லாரும் ஆறு இடங்களிலும் 120 என்றே எழுதினர். பின்வரிசையில் அமரும் ஒரு மாணவன் மட்டும் 121, 120, 121, 120, 121, 117 என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் நான்கு பிழைக்குறி இட்டேன். அதோடு விட்டிருக்கலாம். “பாகைமானியை எப்படி வைப்பது என்று எத்தனை முறை சொல்லிக் கொடுத்தேன்?” என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டேன்.

“மூணு தடவ வச்சுப் பாத்தேன் ஐயா” என்றான்.

“ஒழுங்கு அறுகோணத்தில் எல்லாக் கோணமும் 120. போய்த் திருத்தி எழுது.”

அவன் இடத்திற்குப் போய் எண்களை அழித்துவிட்டு, ஆறு முறை 120 என்று எழுதிக் கொண்டுவந்தான். இம்முறை அவன் பாகைமானியைத் தொடவில்லை. நான் சரி என்று குறியிட்டேன்.

விடுமுறையில் வாசிப்பு மூலைக்காகப் பெரிய அறுகோண அறிவிப்புப் பலகை ஒன்று செய்ய முற்பட்டேன். பக்கம் 300 மில்லிமீட்டர். மிகுந்த கவனத்துடன் அறுத்தேன். மீண்டும் ஐந்து மூலைகள் பொருந்தின. ஆறாவதில் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர் இடைவெளி. இம்முறை அடைத்து மறைக்கும் அளவாக அது இல்லை.

முதலில் சுழியத்தைச் சோதித்தேன். ஒரு பலகையை நேராக அறுத்து, ஒரு பாதியை மட்டும் குப்புறத் திருப்பி, வெட்டுமுகங்களைச் சேர்த்து வைத்தால், இருக்கும் பிழை இருமடங்காகத் தெரியும். இடைவெளியே இல்லை. சுழியம் சரியாக இருந்ததால்தான் இத்தனை நாள் ஏமாந்திருக்கிறேன். பிறகு, ஒரு மெல்லிய குச்சியின் ஒரு முனையில் ஆணியும் மறுமுனையில் பென்சிலும் பொருத்தி, ஒட்டுப்பலகையில் 300 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டம் வரைந்தேன். அதே ஆரத்தை வட்டத்தின்மேல் ஆறு முறை எடுத்து வைத்தால் தொடங்கிய புள்ளிக்கே வந்து சேரும். அடுத்தடுத்த இரு புள்ளிகளை மையத்தோடு இணைத்தால் 60 பாகை. எந்த அச்சிட்ட அளவும் தேவையில்லை. ரம்பத்தை 30 பாகைப் பள்ளத்தில் வைத்து அறுத்த பலகையின் கூர்முனையை அந்த மையத்தில் வைத்து, ஒரு விளிம்பைக் கோட்டோடு பொருத்தினேன். மறுவிளிம்பு 300 மில்லிமீட்டர் தொலைவில் கோட்டைவிட்டு 1.3 மில்லிமீட்டர் விலகி நின்றது. அதாவது கால் பாகை.

கால் பாகை என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு. அந்தப் பள்ளங்கள் அச்சாணியிலிருந்து 60 மில்லிமீட்டர் தொலைவில்தான் இருக்கின்றன. அவ்விடத்தில் கால் பாகை என்பது 0.26 மில்லிமீட்டர், அளவைக் காட்டும் கோட்டின் தடிமனுக்குச் சமம். ஊசி பள்ளத்தில் விழுந்த பிறகும் சற்று ஆடுகிறது. பலகையைத் தள்ளும்போது அழுத்தம் எப்போதும் ஒரே பக்கம் விழுவதால், பிழையும் ஒரே பக்கம் விழுகிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும் பிழைகள் ஓரளவு ஒன்றையொன்று ஈடுசெய்யும். இது அப்படிச் செய்யாது, கூடிக்கொண்டே போகும். கடைக்காரரிடம் முறையிட்டேன். “வீட்டு வேலைக்கு இது போதும் சார்” என்று சொல்லிவிட்டார். வாங்கும்போது அவர் சொன்னது வேறு.

அதன்பின் பள்ளத்தை நம்புவதை விட்டேன். ஒட்டுப்பலகையில் 60 பாகை அச்சு ஒன்றைக் கையரத்தால் தேய்த்துச் செய்து, வாளை நிறுத்தி மின்செருகியைக் கழற்றிய பிறகு, அந்த அச்சை வைத்துத் தடுப்பை நிறுத்தி இறுக்கினேன். ஆறு மூலைகளும் மூடின.

பசை காயட்டும் என்று அமர்ந்திருந்தபோது மனத்திற்குள் கணக்கு ஓடியது. பன்னிரண்டு வெட்டு, வெட்டுக்குக் கால் பாகை, ஆக மொத்தம் மூன்று பாகை. ஐந்து மூலைகள் அரைப் பாகை கூடுதலாக நின்றால், அந்தச் சுமை முழுவதும் ஆறாவது மூலையில் விழும். 120இல் இரண்டரை போனால் 117.5.

எழுந்து போய்ப் பயிற்சித்தாள் கோப்பை எடுத்தேன். அழிப்பான் தேய்த்த இடத்தில் பென்சில் அழுத்திய தடம் இன்னும் இருந்தது. விளக்கொளியில் சாய்த்துப் பிடித்து ஆறு எண்களையும் படித்துக் கூட்டினேன். 720. எந்த அறுகோணமானாலும் உட்கோணங்களின் கூட்டுத்தொகை அதுதான். பத்து வயது கடந்த ஒரு பிள்ளை, ஐந்து ரிங்கிட் விலைகூட இல்லாத நெகிழிப் பாகைமானியால் என் ரம்பத்தின் பிழையை நான் அறியும் முன்பே அளந்து எழுதியிருக்கிறான். நான் அதை அழிக்கச் சொல்லியிருக்கிறேன். மூடாத மூலையை அடைத்த கை என்னுடையது. அங்கே ஏதோ குறை இருப்பது வகுப்பிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். அப்படியிருந்தும் அவனைத்தான் கேட்டேன்.

பள்ளி திறந்த அன்று சட்டத்தை வகுப்புக்குக் கொண்டு சென்று, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அடைத்திருந்த மூலையையும் சுரண்டிக் காட்டினேன். எல்லாரும் மறுபடி அளந்தார்கள். பலருக்கு 117 வந்தது, இருவருக்கு 118. அவனிடம் என் தவறு என்று சொன்னபோது அவன் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. சற்று நேரம் சட்டத்தையே பார்த்துக் கொண்டிருந்தான்.

“அப்போ 120னு எழுதுனவங்களுக்கு மார்க் உண்டா ஐயா?” என்று கேட்டான்.

அவனுடைய தாளைத் திருத்திவிட்டேன். மற்றவர்களின் தாள்கள் இன்னும் என் மேசையில்தான் இருக்கின்றன.