நாஞ்சில் நாட்டில் ஒரு வடிகட்டி

நாகர்கோவிலுக்குப் போய் வந்தேன் என்றால், "சுசீந்திரம் பார்த்தாயா? கன்னியாகுமரியில் சூரியோதயம் பார்த்தாயா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டையும் பார்த்தேன். ஆனால் இங்கே நான் சொல்லப் போவது ஒரு பழைய டிராக்டரின் எண்ணெய் வடிகட்டியைப் பற்றி. சிரிக்காதீர்கள்! காப்பி பில்டரோடும் மாவுச் சல்லடையோடும் அன்றாடம் மல்லுக்கு நிற்கிற நமக்கு இது ஒன்றும் அந்நிய விஷயம் அல்ல.

நாகர்கோவிலிலிருந்து வடக்கே பூதப்பாண்டிப் பக்கம் போய்ப் பாருங்கள். எட்டத்தில் தாடகை மலை, இந்தப் பக்கம் பழையாறு, நடுவே வயல்கள். 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை, இந்த மண்ணுக்கு ஆண்டில் இரண்டு போகம் தருகிறது. மலையாளக் கணக்கில் கன்னி மாதத்தில், அதாவது நமது புரட்டாசியில், அறுப்பது 'கன்னிப்பூ'. கும்ப மாதமாகிய மாசியில் அறுப்பது 'கும்பப்பூ'. பெயர்கள் எவ்வளவு அழகு! ஆனால் கன்னிப்பூவை அறுத்த கையோடு கும்பப்பூவுக்குத் தொளி அடித்து நாற்று நட்டாக வேண்டும். இடையில் மூச்சு விடக்கூட நேரம் இராது. வீட்டுமனைக் கற்கள் முளைத்தது போக மிஞ்சிய வயல்களில், அந்த நாட்களில் டிராக்டர்களுக்கு ஏகக் கிராக்கி.

அப்படிப்பட்ட ஒரு காலை வேளையில்தான் அந்த அம்மாளின் வீட்டுக்குப் போனேன். கணவர் காலமாகி இரண்டு ஆண்டுகள். அவர் விட்டுச் சென்றவை கொஞ்சம் வயலும், சிவப்புச் சாயம் மங்கிய ஒரு மாஸி பெர்குஸன் டிராக்டரும். நம் நாட்டில் டிராக்டர் செய்யத் தொடங்கியது 1959-ல், பரீதாபாத்தில் ஐஷர் நிறுவனம். மறு வருஷம் ஆரம்பமான சென்னை டாஃபே நிறுவனம் மாஸி பெர்குஸன் டிராக்டர்களைச் செய்தது. அந்தப் பரம்பரையில் வந்த பழைய வண்டி இது.

"வாங்க மக்களே, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் பேசலாம்" என்று அந்த அம்மாள் அழைத்தாள். வாசலில் மெக்கானிக் எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார். எஞ்சினின் பக்கவாட்டில் தொங்கிய ஒரு சிறு இரும்புக் குவளையின் நடு ஆணியைத் திருகிக் கழற்றினார். உள்ளே விசிறி மடிப்பாக மடித்த காகிதத்தால் ஆன உருளை, கரி பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதுதான் வடிகட்டி.

இது எதற்கு என்று கேட்கிறீர்களா? எஞ்சினுக்குள் எண்ணெய் சுற்றி வரும்போது கரியும் தூசியும் இரும்புத் துகளும் அதில் சேர்கின்றன. 1917-ல் வந்த போர்ட்ஸன் டிராக்டரில் வடிகட்டியே கிடையாது. 1923-ல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லண்ட் என்பவர் மோட்டார் காருக்கு ஒரு வடிகட்டி செய்து, 'ப்யூரோலேட்டர்' என்று பெயர் வைத்த பிறகுதான் இந்தச் சாதனம் பிரபலமாயிற்று.

அதிலும் இரண்டு தினுசு உண்டு. கிணற்றில் அவ்வப்போது ஒரு குடம் இறைத்து, துணியில் வடிகட்டித் திரும்பக் கிணற்றிலேயே கொட்டுவது ஒரு வழி. வீட்டார் குடிப்பதோ வடிகட்டாத தண்ணீர்தான்! 1947-ல் வந்த போர்ட் 8என் டிராக்டரின் வடிகட்டி இந்த ரகம். குடிக்கிற தண்ணீர் முழுவதையும் வடிகட்டியே குடத்தில் ஊற்றுவது இன்னொரு வழி. அந்த அம்மாளின் டிராக்டர் இரண்டாம் ரகம்.

ஆனால் இதிலும் ஒரு சங்கடம். காகிதம் அடைத்துக்கொண்டால் எண்ணெய் போக வழி வேண்டுமே? எண்ணெயே இல்லாமல் எஞ்சின் வேகுவதைவிட அழுக்கு எண்ணெய் மேல் என்று, ஒரு சிறு கதவு தானாகத் திறந்து, வடிகட்டாத எண்ணெயை உள்ளே விடும். டிராக்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஆகையால்தான் வடிகட்டியைக் காலத்தில் மாற்ற வேண்டும்.

பழைய உருளையை மெக்கானிக் தூர எறிந்துவிடவில்லை. கத்தியால் கீறிக் காகித மடிப்பை வெயிலில் விரித்தார். கரிக்கு நடுவே வெள்ளிப் பொடி தூவினாற்போல் ஏதோ மினுமினுத்தது. காந்தத்தை வைத்துப் பார்த்தார், ஒட்டவில்லை.

"இரும்பில்லை தங்கச்சி. பேரிங் தேயுது, அதாக்கும்" என்றார்.

அம்மாளின் முகம் வாடிவிட்டது. "நேத்து வரை நல்லாத்தானே ஓடிச்சு அண்ணாச்சி? இந்தத் தொளி முடியட்டுமே. பொறவு பார்க்கலாம்."

"இன்னைக்கும் ஓடும். ஆனா நடு வயலிலே இறுகி நின்னுதுன்னா கிராங்க் தண்டே போயிரும். அதுக்குப் பொறவு இரும்பு விலைக்குத்தான் போடணும்."

எஞ்சினைப் பிரித்தால் ஒரு வாரம் போய்விடும்; வாடகை டிராக்டரும் கிடைக்காது; நாற்றோ வளர்ந்து நிற்கிறது. அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "அவுகளும் ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் கீறிப் பார்ப்பாக. நான் பரிகாசம் பண்ணுவேன். பிரிச்சிருங்க அண்ணாச்சி."

அன்று மாலையே அவள் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போயிற்று.

ஊர் திரும்பி ஒன்பதாம் நாள் போனில் விசாரித்தேன். பேரிங்குகள் தேய்ந்திருந்தனவாம், கிராங்க் தண்டில் ஒரு கீறல்கூட இல்லையாம். புது பேரிங் போட்டாயிற்று. அவள் குரலுக்குப் பின்னால் டிராக்டர் இரைவது கேட்டது. "நாற்று கொஞ்சம் முத்திப்போச்சு, மக்களே. ஆனாலும் நட்டிரலாம்" என்றாள்.

சகோதரிகளே! உங்கள் வீட்டில் டிராக்டர் இல்லாமல் இருக்கலாம். ஸ்கூட்டரோ காரோ இருக்கும் அல்லவா? எண்ணெய் மாற்றும் நாளில் பழைய வடிகட்டியைக் கீறிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். "உனக்கு எதற்கு இதெல்லாம்?" என்று வீட்டுக்காரர் கேட்டால், பூதப்பாண்டிப் பக்கத்து அம்மாள் சொல்லியனுப்பியதாகச் சொல்லுங்கள்!