யார் மீது சந்தேகம்?

2003ஆம் ஆண்டு நோன்பு மாதத்தின் நடுப்பகுதி. அப்போது புத்தளம் தில்லையடியில் குடியிருந்தோம். தராவீஹ் முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது குசினிக் கதவின் தாழ்ப்பாள் பெயர்ந்து கிடந்தது. அலுமாரி திறந்திருந்தது. தங்கச்சியின் கலியாணத்துக்கென்று உம்மா சேர்த்து வைத்திருந்த இரண்டு சோடிக் காப்பும் 11,000 ரூபாவும் இல்லை.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி புலிகள் எங்களை யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றியபோது, உம்மாவின் கையிலும் கழுத்திலும் கிடந்த நகைகளையும் கழற்றி வாங்கிவிட்டார்கள். வெறுங்கையோடு வந்தவர், வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு நின்று 13 வருடங்களில் தேடிய பொன் அது.

உம்மா அழவில்லை. “அண்டைக்கு எடுத்தவன்ர முகம் தெரிஞ்சது மகன். இண்டைக்கு ஆரப் பார்த்தாலும் அவனோ எண்டு நினைக்க வைச்சிட்டானே” என்றார்.

பொலிஸில் முறைப்பாடு எழுதியவர் கேட்டார்: “யார் மீது சந்தேகம்?”

என் நாவில் ஒரு பெயர் வந்து நின்றது. பின்வளவுப் பையன். உப்பளத்தில் வேலையில்லாத நாட்களில் கிடைத்த வேலையைச் செய்பவன். முந்திய கிழமைதான் எங்கள் கூரையில் ஏறி உடைந்த ஓடுகளை மாற்றியிருந்தான். அலுமாரி இருக்கும் இடம் அவனுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால், அவன் ஊரவன், நாங்கள் அகதிகள் என்பதும் என் மனதில் இருந்தது.

நான் வாயைத் திறக்குமுன் உம்மா என் கையைப் பிடித்தார். “கண்ணால காணாததச் சொல்லாத. எங்கட சனத்தை ஒட்டுமொத்தமாச் சந்தேகப்பட்டுத்தானே துரத்தினவங்கள்.”

ஒருவர் மீதும் சந்தேகமில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

அன்றிரவு சஹர் நேரத்தில் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு ராத்தா. தண்ணீர்க் குழாயடிச் சண்டைக்குப் பிறகு மூன்று மாதமாக எங்களோடு பேச்சில்லை. கையில் சோறும் மீன் ஆணமும். “நீங்க அடுப்பு மூட்டியிருக்க மாட்டீங்கன்னு தெரியும்” என்றார். வேறொன்றும் பேசவில்லை. முன்வீட்டுப் பெரியவர் பாயோடு வந்து, மூன்று இரவுகள் எங்கள் விறாந்தையில் படுத்தார்.

சுபஹுக்குப் பிறகு குசினிப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். பின்வளவுப் பையன் புதுத் தாழ்ப்பாள் ஒன்றை அடித்துக்கொண்டிருந்தான். நான் காசை நீட்டினேன்.

“பக்கத்து வீட்டுக் கதவுக்குக் காசா நானா?”

அவன் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நோன்போடு வெயிலில் நின்று, இளகிப்போயிருந்த ஜன்னல் கொளுக்கிகளையும் இறுக்கிவிட்டுப் போனான்.

கள்ளன் பிடிபடவில்லை. நகையும் திரும்பவில்லை. அடுத்த வருடம் தங்கச்சியின் கலியாணத்தன்று அந்த ராத்தா தன் கையிலிருந்த காப்புகளைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டார். மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போன உம்மா, வெகு நேரம் அங்கேயே இருந்து கதைத்துவிட்டு வந்தார்.

2011இல் உம்மா மௌத்தானபோது சந்தூக்கைத் தூக்க முன்னால் வந்து நின்றவர்களில் அந்தப் பையனும் ஒருவன். அன்று பொலிஸில் என் நாவில் நின்றது தன் பெயர் என்பது அவனுக்குத் தெரியாது. சொல்லி மன்னிப்புக் கேட்கப் பல தடவை நினைத்தேன். இன்னும் சொல்லவில்லை.