தோள்பட்டை ஏன் வலிக்கிறது?

அக்காவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். காலையில் லேப்ராஸ்கோப்பி, மாலையில் வீடு. வயிற்றுத் தையலைவிட வலது தோள்பட்டை வலிதான் அவளை அழவைத்தது. வயிற்றை உப்பவைக்கச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை உறுத்தும். அதற்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து கிளம்புவதால் வலி தோளில் தெரியும். சில நாளில் உடலே அந்த வாயுவை வெளியேற்றிவிடும். வீட்டுக்கு அனுப்பும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

வலி ஏறும்வரை காத்திருக்காமல், மருத்துவர் எழுதிய பாராசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுத்தோம். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்வாள். வீட்டுக்குள்ளேயே மெதுவாக நடந்தாள். 'பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோ' என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். வலி அடங்கினால்தான் ஆழமாக மூச்சு இழுக்க முடியும். காய்ச்சல், மஞ்சள் கண், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, நெஞ்சடைப்பு, மூச்சுத்திணறல் என்றால் மட்டும் விடியட்டும் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.