பனி குடிக்கும் பயிர்

உறவினர் ஒருவரின் சஷ்டியப்த பூர்த்திக்காகத் தை மாதக் கடைசியில் திருக்கடையூர் சென்றிருந்தோம். அபிராமியின் சந்நிதியைப் பற்றி வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடியற்காலையில், நாதஸ்வரம் ஒலிக்குமுன், வயற்புறமாக நடந்தபோது கண்டதையே சொல்ல வந்தோம்.

சம்பா அறுவடையான வயல். அரிதாள்களுக்கிடையே உளுந்துச் செடிகள் தலைதூக்கி நின்றன. மழை பெய்து பல நாளாயிற்று. மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடுவது வழக்கமாதலால், வாய்க்காலிலும் இனி நீர் வராது. ஆயினும் நம் வேஷ்டி முழங்கால்வரை நனைந்துவிட்டது!

"இந்தப் பயிருக்குத் தண்ணீர் ஏது, பெரியவரே?" என்று வரப்பில் நின்றவரைக் கேட்டோம்.

"தண்ணி எதுக்குங்க ஐயா? பனியைக் குடிச்சே வளர்ந்துடும்" என்றார்.

உபாத்தியாயர் புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டுப் பார்த்தோம். மேகமற்ற, காற்றடங்கிய இரவில் இலை தன் வெப்பத்தை வானத்தை நோக்கி வெளியிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. அருகிலுள்ள நீராவி அதன்மேல் துளியாகப் படிகிறது. மரத்தடிப் புல் அவ்வளவாக நனையாததற்குக் காரணம், மரக்கிளை வானத்தை மறைப்பதுதான். ஆனால் எவ்வளவு பனி பெய்தாலும் ஓரிரவில் ஒரு மில்லிமீட்டரை எட்டாது. தழைத்த பயிரோ வெயில் நாளில் மூன்று நான்கு மில்லிமீட்டர் செலவிடும். ஆகவே பனி மட்டும் போதாது. பெருஞ்செலவை ஏற்பது அடியிலுள்ள களிமண்ணின் ஈரம். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, மண் மெழுகுப் பதமாக இருக்கையில், நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுகிறார்கள். ஈரம் கீழிறங்க இறங்க வேரும் அதைத் தொடர்ந்து இறங்குகிறது.

அப்படியானால் பெரியவர் சொன்னது பொய்யா? அதுவும் இல்லை. இலை நனைந்திருக்கும்வரை வெயில் முதலில் பனியைத்தான் உலர்த்தியாக வேண்டும். அதுவரை செடியின் கையிருப்பு மிச்சம். மேலும், பல தாவரங்கள் இலைத்தோல் வழியாகவே சிறிது நீரை உட்கொள்வதை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். கலிபோர்னியாவின் செம்மரக் காடுகளில் ஓராண்டில் சேரும் நீரில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு, மரங்கள் மூடுபனியைப் பிடித்துச் சொட்டவிட்டதே என்று டாட் டாசன் 1998-ல் எழுதினார்.

இங்கே ஓர் எச்சரிக்கை: இளம் நெற்பயிரின் நுனியில் காலையில் முத்துப்போல் நிற்கும் துளியைப் பனியென்று எண்ணிவிடக் கூடாது. அது பெரும்பாலும் வேர் உறிஞ்சிய நீர். இலைநுனித் துவாரம் வழியாகப் பயிரே வெளிவிடுவது. நாமும் நெடுநாள் ஏமாந்திருக்கிறோம்.

பெரியவரின் கவலை வேறு. ஆளைக்கொண்டு அறுத்த காலத்தில் முளைத்த உளுந்து பிழைத்தது; இப்போது அறுவடை இயந்திரம் ஏறி நசுக்கிவிடுகிறது. அறுத்தபின் விதைக்கலாமென்றால் மண் காய்ந்துவிடுகிறது. தப்பியதையும் பருவம் தவறிய மழை அழுகச் செய்யும். பேசிக்கொண்டே அவர் கிழக்கே கடற்பக்கம் பார்த்தார். சிறு மேகம் ஒன்று திரண்டிருந்தது.

ஈர வேஷ்டியுடன் திரும்பியபோது பந்தி தொடங்கிவிட்டது. இலையில் முதலில் விழுந்தது உளுந்து வடை.