தனியே ஓடும் நெடுந்தொலைவு

ஓட்டம் என்றதும் நம் பள்ளி மாணவர்களின் கண்முன் நிற்பவை, விளையாட்டுப் போட்டி நாளன்று திடலில் சுண்ணாம்பால் இடப்படும் கோடுகளும், ஓரத்தில் நின்று பெயர் சொல்லிக் கூவும் பெற்றோர் கூட்டமுமே. நம் நாட்டின் மணி ஜெகதீசன் 1966ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடிக் கடந்தார். அந்த இருபது வினாடிகளைக் காணப் பெருங்கூட்டம் காத்திருந்தது. நான் இங்கு எழுத எண்ணுவதோ எவரும் காணாத ஓட்டத்தைப் பற்றி.

மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர். 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட அத்தொலைவே பின்னர் நிலையாயிற்று. அதற்கு ஆயத்தமாக, ஞாயிறுதோறும் தெங்கேராவிலிருந்து 12 கிலோமீட்டர் சென்று, மீண்டும் 12 கிலோமீட்டர் திரும்புகிறேன். இதைக் கேள்வியுற்ற மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஐயா, நீங்கள் மட்டும் ஓடினால் முதல் பரிசு யாருக்கு?" என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன்.

வைகறை ஐந்து மணிக்குப் புறப்படுவேன். தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அரைமணி நேரம் முன்தள்ளி வைக்கப்பட்டதால், நமக்குக் கதிரவன் ஏழு மணியளவிலேயே எழுகிறான். வெயிலுக்கு அஞ்சி ஓடுகிறவனுக்கு அந்த அரைமணி பெரிய கொடை. 1728இல் தோன்றிய தெங்கேரா மசூதி இருளில் அமைதியாக நிற்கும். ஒரு காலத்தில் இச்சாலையோர வீடுகளின் பின்புறத்தைக் கடல் தொட்டது. இன்று மண் கொட்டி நிலமாக்கப்பட்டதால் அலையோசையும் விலகிப் போயிற்று. லிம்போங்கான், கிளேபாங், தஞ்சோங் கிளிங் என்று சாலை நீளும்.

நெடுந்தொலைவு ஓடுகிறவன் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓட வேண்டும் என்பர். மூச்சு வாங்கிச் சொல் அறுபட்டால் வேகம் மிகுந்துவிட்டதென்று பொருள். தனியே ஓடுகிறவன் யாரோடு பேசுவது? நான் பதினாறாம் வாய்பாட்டை உரக்கச் சொல்கிறேன். "பதினாறு ஒன்பது நூற்று நாற்பத்து நான்கு" என்பது ஒரே மூச்சில் வந்தால் வேகம் சரி. லிம்போங்கான் நாய்களுக்கு மட்டும் வாய்பாடு பிடிப்பதில்லை. கிளேபாங்கில், அதிகாலைத் தொழுகைக்கு நடந்து செல்லும் மலாய்ப் பெரியவர் ஒருவர், "ஜாவ் லாகி, சிக்கு?" என்று கேட்பார். இன்னும் தூரமா, ஆசிரியரே என்று பொருள். "ஜாவ் லாகி, பாக்சிக்" என்பேன். மூன்று மணி நேரத்தில் நான் கேட்கும் மனிதக் குரல் பெரும்பாலும் அது ஒன்றே.

எதற்காக இத்தனை பாடு? என் தந்தையார் பால்மரம் சீவியவர். பெரட்டுக்குப் போய், நானூறு ஐந்நூறு மரங்களைச் சுற்றி, பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் சுமந்து மேடும் பள்ளமும் ஏறி இறங்கிய கால்கள் அவருடையவை. அதை அவர் ஒருநாளும் உடற்பயிற்சி என்று சொன்னதில்லை. பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டபோது, குடும்பம் பட்டணத்துக்கு வந்தது. அப்பா ஜாகா வேலையில் நாற்காலியில் அமர்ந்தார். நடை நின்றது, சோறும் கெட்டிப்பால் தேநீரும் நிற்கவில்லை. சில ஆண்டுகளில் இனிப்பு நீர் வந்தது. ஒருநாள் உள்ளங்காலில் ஆணி ஏறியது. நரம்புகள் மரத்துப் போயிருந்ததால் அவர் அதை உணரவேயில்லை. செருப்பில் குருதியைக் கண்டவர் அம்மாதான். புண் ஆறவில்லை; மூன்று விரல்களை எடுத்தார்கள்.

நம் நாட்டில் இந்நோய் இந்தியர்களிடையே மிகுதி என்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். என் இரத்தத்திலும் சர்க்கரை எல்லைக்கோட்டருகே வந்து நின்றபோது, மருத்துவர் ஒன்றை விளக்கினார். உழைக்கும் தசை, இன்சுலினின் துணை குன்றியபோதும் இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே ஈர்த்துக் கொள்ளுமாம். அப்பாவின் தசைகள் அந்த வேலையைத் தோட்டத்தில் ஓசையின்றிச் செய்து வந்தன என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

திரும்பும் வழியே கடினம். தஞ்சோங் கிளிங்கைக் கடந்து திரும்பினால் வெயில் முகத்தில் அடிக்கும். கடற்காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலராது வழியும், உடல் குளிராது. பதினெட்டாம் கிலோமீட்டரில் வாய்பாடு தடுமாறும். நகரப் பேருந்து பக்கத்தில் வந்து வேகம் குறைக்கும். ஏறிவிட்டால் கேட்பார் யாருமில்லை. பந்தயத்தில் பிறர் இழுத்துச் செல்வர். இங்கு அடுத்த மின்கம்பம் வரை என்று நானே என்னை ஏமாற்றி அழைத்து வர வேண்டும். தோழர்களோடு ஓடலாமே என்பார்கள். ஓடிப் பார்த்தேன், அவர்கள் வேகத்தில் என் மூச்சு எனக்குக் கேட்கவில்லை.

வீடு சேர்ந்ததும் முதல் வேலை, காலணிகளைக் கழற்றி உள்ளங்கால்களை வெளிச்சத்தில் பார்ப்பது. சென்ற ஞாயிறு இடக்காலில் ஒரு சிறு கொப்புளம். விரலால் அழுத்தினேன், சுரீரென்று வலித்தது. மனம் நிம்மதியுற்றது. வரும் ஞாயிறு 26 கிலோமீட்டர்.