மெத்தைக்கு ஒரு கைப்பிடிச்சுவர்



புது வீடு கட்டுகிறவன் மெத்தையைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும் என்று உபாகமம் 22:8 கட்டளையிடுகிறது. விழுகிறவன் கவனமின்றி நடந்திருக்கலாம். ஆயினும் சுவரில்லாவிட்டால் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும்.

சுவீடனின் வால்வோ நிறுவனம், தன் புதிய கார்கள் மணிக்கு 180 கிலோமீட்டருக்குமேல் ஓடாதபடி வரம்பு வைப்பதாக 2019-இல் அறிவித்து, அடுத்த ஆண்டே அதை நிறைவேற்றியது. ஓட்டுகிறவனின் சுதந்திரத்தில் உற்பத்தியாளர் தலையிடலாமா என்று பலர் கேட்டார்கள். மெத்தையைக் கட்டினவனிடம் அதை யாரும் கேட்பதில்லையே! என் குறை வேறு: 180 மிகவும் தாழ்ந்த சுவர். வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். தெருவில் ஒரு குழந்தையைக் கொல்ல 60 போதும்.

நம் நாட்டில் 2019 ஜூலை முதல் புதிய கார்கள் 80-ஐத் தாண்டினால் ஒலியெழுப்பி எச்சரிக்கின்றன. 120-ஐத் தாண்டினால் அவ்வொலி ஓய்வதில்லை. ஆனால் எச்சரிப்பு சுவராகாது. இதை நான் அறிவேன். சென்ற மாதம் அடக்க ஆராதனை ஒன்றிற்குத் தாமதமாகி விரைந்தபோது, அந்த ஒலி காதில் விழாதபடி பாட்டின் சத்தத்தைக் கூட்டினேன். சாலை விபத்தில் மரித்த வாலிபனின் அடக்கம் அது. வாசலில் அவன் தாயார் என் கையைப் பற்றி, “பத்திரமாய் வந்தீர்களா, ஐயரே?” என்று கேட்டார்கள்.

என் கார் 80-க்குமேல் ஓட மறுத்திருந்தால், பத்து நிமிடம் பிந்தியிருப்பேன், அவ்வளவே. எனக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.